கழுவி வைத்த ஈயம்

எனக்கு அழுக்கு பிடிக்காது, ஷெரிப் ஐயா. லூசியானாவின் இந்தச் சதுப்புக் கரையில் என் வீட்டைப் போலச் சுத்தமான வீடு வேறில்லை.

என் கணவர் க்ளோவிஸ் வாத்து வேட்டைக்கான ஈயக் குண்டுகளைக் கொட்டகையில் தானே வார்ப்பார். கார் சக்கரங்களிலிருந்து கழற்றிய ஈயத் துண்டுகளை உருக்கி, துளையிட்ட தகரம் வழியே எண்ணெயில் சொட்டவிடுவார். கடைக் குண்டு உருண்டையாக இருக்கும். அவருடையதற்குத் தலைப்பிரட்டைபோல ஒரு வால் இருக்கும். பத்தொன்பது வருடம் அவர் சுட்ட வாத்துக் கறியில் என் பல்லில் கடிபட்ட வால் அது.

கல்யாணமான புதிதில் ஒருநாள் குளித்த கையோடு கொட்டகைக்குப் போனேன். "ஏ ஓடில், தலை ஈரத்தோட கிட்ட வராதடி. உருகுன ஈயத்துல ஈரம் பட்டா வெடிச்சுரும். உன் மூஞ்சி எனக்கு வேணும்" என்றார். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு, பக்கத்து வீட்டு விதவை வெர்னா எங்களை விருந்துக்கு அழைத்தாள். வாத்துக் குழம்பு. முதல் வாயிலேயே கடிபட்டது. தட்டில் துப்பிப் பார்த்தேன். வால்.

"வாத்து யாரு குடுத்தா?"

"ஏன், எனக்குச் சுட்டுத் தர ஆள் இருக்கக் கூடாதா?" என்று கண்ணடித்தாள்.

க்ளோவிஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் அவருடைய ஈயத் துண்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கிரீஸ் அப்பிக் கிடந்தன. ஈரத்தைத் துடைக்கவில்லை. அப்படியே டப்பாவில் போட்டு அவர் கைக்கு எட்டும்படி வைத்தேன். சட்டியில் ஈயம் உருகியதும் டப்பாவிலிருந்து அள்ளிப் போடுவார். தடித்த கையுறையில் ஈரம் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். உள்ளே வந்து வெங்காயம் உரித்தேன். நாலாவது வெங்காயத்தில் சத்தம் கேட்டது.

அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் வெர்னாவின் தம்பி டேவிஸ் தேம்பித் தேம்பி அழுதான். "ரெண்டு வருஷமா எனக்கும் அவர்தான் குண்டு வார்த்துக் குடுத்தாரு, அக்கா. சும்மா குடுத்தா நீங்க கத்துவீங்கன்னு சொல்ல வேணாம்னாரு. அன்னிக்கு விருந்து வாத்துகூட நான் சுட்டதுதான்."

கட்டுப் போட்ட முகத்தோடு க்ளோவிஸ் என் கையைத் தேடினார்.

"நீ கிட்ட இல்லையே? உன் மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகலையே?"

டப்பாவின் அடியில் தண்ணீர் இருந்ததாக டேவிஸ் உங்களிடம் சொன்னது உண்மை. அது நான் விட்ட தண்ணீர்தான். ஆனால் என் கோபம் இன்னும் தணியவில்லை, ஐயா. அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துடைத்து வைத்திருப்பேன். தப்பு அவருடையது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.