மடித்த முக்கோணம்

மேடவாக்கம் போகும் ஷேர் ஆட்டோ. என் எதிரே இரண்டு டீச்சர்கள். மூத்தவர்தான் ஆரம்பித்தார்.

"இன்னைக்கு ஹெச்.எம்.கள் மீட்டிங்ல சர்க்குலரைக் கிழிச்சு முக்கோணம் பண்ணிட்டேன், ஸ்டெல்லா."

"ஹெச்.எம். நீங்களே இப்படிப் பண்ணலாமா மிஸ்?"

"ஹெச்.எம். ஆனதுலேருந்து எனக்கு மேக்ஸ் கிளாஸே இல்லையே. கை சும்மா இருக்க மாட்டேங்குது. மூணு மூலையையும் உள்ளே மடிச்சா ஒரே நேர்கோட்டுல, நூத்தியெண்பது டிகிரியா வந்து உக்காருமில்ல? அப்போ கிளாஸ்ல பசங்க மொத்தமா 'ஐ!'ன்னு கத்துவாங்க. இன்னைக்கும் மடிச்சுட்டு நிமிர்ந்து பார்த்தேன்."

"அப்புறம்?"

"எல்லாரும் போன் பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

சேலையூரில் ஸ்டெல்லா இறங்கிக்கொண்டார். ஹெச்.எம். கைப்பையிலிருந்து அந்த முக்கோணத்தை எடுத்து, மடியில் வைத்து, ஒவ்வொரு மூலையாக மடித்தார். மூன்றும் பிசகாமல் சேர்ந்தன. அவர் நிமிர்ந்தார்.

எனக்கு அந்த 'ஐ' தொண்டை வரை வந்துவிட்டது. கேம்ப் ரோட்டில் நான் இறங்கும் வரை அடக்கிக்கொண்டே வந்தேன்.