பதினொரு வீட்டுப் பால்

— அவ்வளவு வெளியே சாயாதே ரெகுலா. கீழே நிக்கிறவன் எவனாவது அண்ணாந்து பார்த்தா உன் மூஞ்சிதான் முதல்ல தெரியும்.

— தெரிஞ்சா தெரியட்டும்க்கா. பொம்பளைங்க சதுக்கத்துல ஓட்டுக்குக் கட்டின கயித்துக்குள்ள வரக் கூடாதுன்னுதான் சட்டம். ஜன்னல்ல நிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே.

— வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. காப்பி பாதி தட்டுல கிடக்கு. கோப்பையை அந்தப் பக்கம் வை.

— வைக்கறேன். செலினே அக்கா, நான் வந்த விஷயத்துக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.

— படியேறி வந்ததுலேர்ந்து மூணு தடவை சொல்லிட்டே. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.

— நாலாவது தடவையும் சொல்றேன். இன்னிக்கு என் புருஷன் பார்ட்லி கை தூக்கிட்டா, நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்காரர் சீஸ் காய்ச்ச எங்க பாலை எடுக்க மாட்டார். போன வாரம் தராசுகிட்ட வெச்சு எல்லார் முன்னாடியும் சொன்னாராம். பொம்பளைக்கு ஓட்டு வேணும்னு கை தூக்கறவன் திங்கக்கிழமை கேனைத் தூக்கிக்கிட்டு என் பால்பண்ணை வாசலுக்கு வர வேணாம்னு. பதினாலு மாட்டுப் பாலை நாங்க எங்கேக்கா கொண்டு போறது?

— பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு பால்பண்ணை இருக்கே.

— அவன் புதுசா யாரையும் சேத்துக்க மாட்டான். உங்களுக்குத் தெரியாததா. கொன்ராட் வேணாம்னு சொன்ன பாலை இந்த மலையில வேற எவனும் தொட மாட்டான். நீங்க ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்.

— கொன்ராட்கிட்டயா. கல்யாணம் ஆகி முப்பத்தி நாலு வருஷம் ஆச்சு. அவர் பேசுவார், நான் கேப்பேன். அது மாறினதே இல்லை. மணி அடிச்சு முடிச்சுட்டாங்க பாரு. பாட்டு ஆரம்பிக்கப் போகுது.

— சதுக்கம் முழுக்கத் தொப்பியா இருக்கு. இத்தனை பேர் வந்து நான் பார்த்ததே இல்லை.

— மாநிலம் முழுக்க இங்கதான் இருக்கு. ஓட்டு இருக்குன்னு அடையாளமா இடுப்புல வாள் தொங்குற அத்தனை ஆம்பளையும்.

— பார்ட்லியோட வாளை நான்தான் காலையில துடைச்சுக் கொடுத்தேன். அவங்க தாத்தாவோடது, உறையை விட்டு வர மாட்டேங்குது, அவ்வளவு துரு. துடைச்சுக்கிட்டே சொல்லிட்டேன்க்கா. சொல்லியிருக்கக் கூடாது.

— என்ன சொன்னே?

— உங்க கை மேலே போகலைன்னா, அந்தக் கையால என் சமையலைச் சாப்பிட வராதீங்கன்னு.

— அவன் என்ன சொன்னான்?

— வாளைக் கட்டிக்கிட்டுப் போயிட்டார். சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை.

— உனக்கு இந்த ஓட்டு மேல அவ்வளவு ஆசையா?

— தலைநகர் பெர்ன்ல நாட்டைப் பத்தி ஏதாவது முடிவு பண்ணணும்னா என்கிட்ட சீட்டு அனுப்பிக் கேக்கறாங்க. பதினெட்டு வருஷமா. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடலாமான்னு கேக்கறாங்க. இந்த மாநிலத்துக்கு மட்டும் நான் மாட்டுக்குச் சமானம். இல்லை, மாட்டையாவது கண்காட்சிக்குக் கயித்துக்குள்ள விடறாங்க.

— சிரிப்பு மூட்டாதே. பாட்டு முடிஞ்சு அவங்க அமைதியா நிக்கறாங்க, கீழே கேக்கும்.

— எனக்குச் சிரிப்பே வரலக்கா. காலையில தைரியமாத்தான் இருந்தேன். இப்ப அவ்வளவு தொப்பியைப் பார்த்ததும் என் பிள்ளைங்க மூஞ்சி மட்டும்தான் ஞாபகத்துக்கு வருது.

— உன் புருஷன் எங்க நிக்கிறான்? காட்டு.

— அதோ, நீர்த்தொட்டிக்கு இந்தப் பக்கம். பழுப்புத் தொப்பி. ஆல்பிரெக்ட்டுக்கு இடது கைப் பக்கம்.

— ம். தெரியுது. எங்க பண்ணைக்குப் பால் ஊத்துற பதினொரு பேரும் ஒண்ணாத்தான் நிக்கறாங்க.

— பயம்க்கா. தனியா நிக்கப் பயம். உங்க வீட்டுக்காரர்?

— முன்வரிசை. மேடைக்கு நேர் கீழே. அந்த அகலமான முதுகு.

— அப்ப அவருக்குப் பின்னாடி நடக்குறது தெரியாது.

— தெரியாது. முன்வரிசையில நிக்கிறவர் திரும்பிப் பார்த்தா மரியாதைக் குறைச்சல்.

— அதான் எனக்குப் புரியல. அஞ்சு வருஷம் முன்னாடி இதே கேள்வி ஓட்டுக்கு வந்தப்பவும் அங்கதானே நின்னார். மத்தேயுஸும் அவன் மச்சானும் கை தூக்கினது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? மறுநாள் காலையில ரெண்டு பேர் கேனையும் வாசல்லயே வெச்சுட்டார். மத்தேயுஸ் மாட்டையெல்லாம் வித்துட்டு வின்டர்த்தூர்ல ஏதோ தொழிற்சாலைக்குப் போயிட்டான். பக்கத்துல நின்னவன் எவனோ போட்டுக் கொடுத்திருக்கான். ஆல்பிரெக்ட்டாத்தான் இருக்கணும்னு எங்க வீட்டுல பேசிக்குவோம்.

— ஆல்பிரெக்ட் ஒண்ணும் சொல்லல. நிமிர்ந்து பாரு. மேடையில கேக்கறாங்க.

— என்னன்னு?

— பொம்பளைங்களுக்கும் ஓட்டு வேணும்கிறவங்க கையைத் தூக்குங்கன்னு.

— ஆண்டவரே. எவ்வளவு கை.

— உன் புருஷனைப் பாரு.

— பாக்கறேன். தூக்கல. கை வாள் பிடி மேலயே இருக்கு. ஆல்பிரெக்ட்டும் தூக்கல. அவங்கள்ல ஒருத்தரும் தூக்கல.

— இப்ப வேணாம்கிறவங்களைக் கேக்கறாங்க.

— அதுக்கும் பார்ட்லி தூக்கல. மத்தவங்கள்லாம் தூக்கறாங்க, அவர் மட்டும் தூக்கல. அக்கா, எனக்கு அழுகையா வருது. வெக்கத்துல வருதா நிம்மதியில வருதான்னு தெரியல.

— ரெண்டும்தான். மூக்கைத் துடைச்சுக்கோ. அவங்க எது அதிகம்னு முடிவு பண்ணலை பாரு. மேடையில ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறாங்க.

— இப்படிக் கண்ணால பார்த்து எப்படித்தான் சொல்வாங்களோ. எங்க பாலைன்னா கால் கிலோ குறைஞ்சாலும் தராசு காட்டுது. பத்தாயிரம் கையை வெறும் கண்ணாலயே எடை போடறாங்க.

— மறுபடி கேக்கறாங்க. ரெண்டாவது தடவை.

— வேணாம் பார்ட்லி. தூக்காதீங்க. நான் காலையில சொன்னது சும்மா. சாப்பாடு போடுவேன்.

— இங்கேந்து சொன்னா அவனுக்குக் கேக்குமா?

— அவர் கை அசையுது. அக்கா, அசையுது. தோள் வரைக்கும் வந்துடுச்சு.

— தொப்பியைச் சரி பண்ணிக்கறான்.

— ஆமா. தொப்பியைத்தான். இறக்கிட்டார். எனக்கு உயிர் போய் வந்துச்சு.

— உக்காரு.

— உக்கார முடியல. இந்தத் தடவையும் அவங்களால சொல்ல முடியல. பாருங்க, கீழே விசில் அடிக்கறாங்க. அவ்வளவு சமமாவா இருக்கு?

— எனக்கும் அப்படித்தான் தெரியுது. ஒரு வயல் அளவுக்கு வித்தியாசம் இருந்தா நமக்கே தெரிஞ்சிருக்கும். இது ஒரு பாத்தி அளவுகூட இல்லை.

— அப்ப ஒருத்தர் கைகூட...

— ஆமா. ஒருத்தர் கைகூட.

— அதைச் சொல்லாதீங்கக்கா. அதைக் கேட்டா எனக்கு மறுபடியும் ஆசை வந்துடும்.

— மூணாவது தடவை கேக்கறாங்க.

— நான் பாக்கல. கண்ணை மூடிக்கறேன். நீங்க பாத்துச் சொல்லுங்க.

— தூக்கிட்டான்.

— யாரு?

— உன் புருஷன். நேரா, முழுக்கை. தொப்பிக்கு மேலே நிக்குது. அவனுக்குப் பக்கத்துல அந்த ஒல்லிப் பையன், யோஸ்ட். அவனும். அவ்வளவுதான். மத்த ஒன்பது பேரும் குனிஞ்சு தரையைப் பாக்கறாங்க.

— இறக்கிட்டாரா?

— இல்லை. இன்னும் நிக்குது.

— இறக்கச் சொல்லுங்க. யாராவது அவரை இறக்கச் சொல்லுங்களேன்.

— நீயே கண்ணைத் திறந்து பாரு. இது உனக்காகத் தூக்கின கை. பாக்காம விட்டா அப்புறம் வருத்தப்படுவே.

— ...அழகா இருக்குக்கா.

— ம்.

— சட்டைக் கை கிழிஞ்சிருக்கு. தைச்சுக் கொடுக்கணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்.

— வேணாம்கிறவங்க கையும் தூக்கி இறக்கியாச்சு. இப்ப சொல்லப் போறாங்க. சத்தம் போடாதே.

— என்ன சொன்னாங்க? கத்தறாங்களே, ஒண்ணும் கேக்கல.

— வேணும்கிற பக்கம்தான் அதிகம்னு சொல்லிட்டாங்க. கிடைச்சுருச்சு ரெகுலா. அதான் அவ்வளவு ஊளை.

— கிடைச்சுருச்சா.

— அடுத்த வருஷம் நீயும் கயித்துக்குள்ள நிக்கலாம்.

— அடுத்த வருஷம் நாங்க இந்த ஊர்ல இருப்போமா? இல்லை, இருப்போம். உங்க வீட்டுக்காரர் பாக்கலையே. ஒரு தடவைகூடத் திரும்பல, நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். யோஸ்ட் சொல்ல மாட்டான், அவனும் தூக்கினவன். ஆல்பிரெக்ட் வாயை மட்டும் எப்படியாவது...

— ஆல்பிரெக்ட்டை விடு. அஞ்சு வருஷம் முன்னாடியும் அவன் சொல்லல. நான்தான் சொன்னேன்.

— என்னக்கா?

— பின்னாடி திரும்பிப் பாக்க முடியாதுல்ல அவரால. அதனால என்னை இந்த ஜன்னல்ல நிக்க வெப்பார். யார் யார் கை தூக்கறாங்கன்னு பாத்து எழுதி வைம்பார். மதியச் சாப்பாட்டுக்கு வந்ததும் தட்டுக்குப் பக்கத்துல அந்தக் காகிதம் இருக்கணும். போன தடவை ரெண்டு பேர் எழுதினேன். மத்தேயுஸ் பொண்டாட்டி கட்டிலையும் தொட்டிலையும் வண்டியில ஏத்தினதை இதே ஜன்னல்லேர்ந்துதான் பார்த்தேன்.

— நீங்களா. மாடிக்கு வா, இங்கேந்து நல்லாத் தெரியும்னு நீங்கதானே கூப்பிட்டீங்க. எங்க நிக்கிறான்னு கேட்டீங்களே. நான் விரலை நீட்டிக் காட்டினேனே.

— நீ காட்டலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

— ஏன்க்கா? உங்களுக்கு நாங்க என்ன பண்ணினோம்?

— ஒண்ணும் பண்ணல. பயம்தான். மலையில இருக்கிற எல்லாரும் அவரைக் காலையில பத்து நிமிஷம் பாத்துட்டுப் போறீங்க. நான் ராத்திரியும் பகலும் அந்த ஆளோட இருக்கேன். எழுதுன்னா எழுதினேன். எழுதாம இருக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லை.

— இன்னிக்கு எழுதலைதானே? சொல்லுங்க. எழுதலைதானே?

— எழுதிட்டேன். நீ அந்தச் சட்டைக் கையைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ.

— கொடுங்க அதை.

— கையை விடு. கிழிச்சா அவர் என்னைக் கேப்பார். காகிதம் இல்லாம அவர் சாப்பிட உக்கார மாட்டார்.

— பார்ட்லி பேரை மட்டும் அடிச்சுடுங்க. உங்க காலைப் பிடிக்கிறேன். யாரும் தூக்கலைன்னு சொல்லிடுங்க.

— யாரும் தூக்கலைன்னு சொன்னா நம்ப மாட்டார். ஓட்டு ஜெயிச்சாச்சு, கோபத்தோட வருவார், ஆள் வேணும் அவருக்கு. பார்ட்லி பேரை அடிக்க மாட்டேன்.

— கீழே கதவு திறக்குது. அவர்தானா?

— அவர்தான். பூட்ஸைக் கழட்டுவார், வாளைக் கழட்டி மாட்டுவார். படிக்க நேரம் இருக்கு. இந்தா, பிடி. சத்தமாப் படிக்காதே.

— பார்ட்லி. யோஸ்ட். அப்புறம்... ஆல்பிரெக்ட்டா? அவர் தூக்கவே இல்லையேக்கா. இது யாரு, ஹைரி? அவர் வேணாம்னுதானே தூக்கினார். எல்லார் பேரும் இருக்கு. பதினொரு பேரும் இருக்காங்க.

— ஆமா.

— நாங்க தூக்கலைன்னு அவங்க சத்தியம் பண்ணுவாங்களே.

— பண்ணட்டும். மத்தேயுஸும்தான் பண்ணினான்.

— பதினொரு வீட்டுப் பாலையும் நிறுத்திட்டா நாளைக்கு அண்டாவுல எதை ஊத்திச் சீஸ் காய்ச்சுவார்?

— அது அவர் கவலை. நான் பார்த்ததைத்தான் எழுதினேன் ரெகுலா. செலினே கண்ணு தப்பாப் பார்த்ததே இல்லைன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறவரே அவர்தான்.