பெர்லி குளத்து நீலக் குறிகள்

மரத்தில் பெயிண்ட் அடிக்கச் செப்டம்பர்தான் நல்ல மாதம். கொசு அடங்கியிருக்கும், மரப்பட்டையில் ஈரம் இருக்காது, மதியம் அடித்தால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். பிப்ரவரியில் அடிக்கக் கூடாது. டப்பாவைக் கோட்டுக்குள் மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளாவிட்டால் பெயிண்ட் கூழாகிவிடும். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். என் கோட்டின் உள்பக்கத்தில் நீங்கள் பார்த்த நீலக் கறை அதுதான், வனக் காவல் வார்டன் அவர்களே. ஒளிக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் கழுவிப் போட்டிருப்பேன்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் முதலிலிருந்தே சொல்கிறேன். நடுவிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல எனக்கு வராது.

இந்த ஊர்த் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெர்லி குளத்தைச் சுற்றியிருக்கிற காட்டை, கிழவர் பெர்லி சாகும்போது எங்கள் நில அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். வீடு கட்டக் கூடாது, மரம் வெட்டி விற்கக் கூடாது, நடந்து பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது ஏற்பாடு. அந்தக் காட்டுக்குள் பாதை போட்டவள் நான். சதுப்பில் தேவதாருப் பலகை போட்டதும் நான்தான். புயலில் விழுந்த மரத்தை ரம்பத்தால் அறுத்து ஒதுக்கியதும் நான்தான். சம்பளம் கிடையாது, கேட்டதும் இல்லை. 'பொறுப்பாளர் வெர்னா லெவிட்' என்று காட்டு வாசலில் ஒரு பலகை இருந்தது. எனக்கு அது போதும்.

பாதை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கண் உயரத்தில் மரத்துக்கு மரம் ஒரு நீலக் குறி, ஒரு டாலர் நோட்டை நிமிர்த்தி வைத்த அளவுக்கு. ஒரு குறியருகில் நின்றால் அடுத்தது தெரிய வேண்டும். மேலும் கீழுமாக இரண்டு குறி இருந்தால் அங்கே திரும்ப வேண்டும். மேல் குறி எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம். கோடையில் தரையிலேயே தடம் தெரியும். பனி மூடிய பிறகு தடம் ஏது? குறி ஒன்றுதான் வழி.

தொண்டர்களைப் பற்றி எல்லாரும் உயர்வாகப் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் பாதை வேலை நாளன்று வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று பார்த்தவள் நான். டோனட் பெட்டி காலியாகும் வரை இருப்பார்கள். பிறகு ஒருவருக்கு முதுகு வலிக்கும், ஒருவருக்கு நாயைக் கூட்டிப் போக வேண்டியிருக்கும். போகும்போது கையுறையோடு ஒரு போட்டோ. மீதி வேலையை நானே முடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். இதைப் பற்றி அறக்கட்டளைக் குழுவுக்கு எத்தனையோ முறை எழுதினேன். பதில் வந்ததில்லை.

மெரிடித் காஃப்லின் பாஸ்டன் பக்கமிருந்து வந்து இங்கே வீடு வாங்கியவள். நல்லவள். ஊரே அப்படித்தான் சொல்கிறது, நானும் மறுக்கவில்லை. அவள் வந்த பிறகு காட்டில் எல்லாமே நிகழ்ச்சி ஆகிவிட்டது. பறவை பார்க்க ஒரு நடை, காளான் பார்க்க ஒரு நடை, குளக்கரையில் பாய் விரித்து யோகா. கூட்டம் வந்தது. கூட்டம் வந்தால் குழுவுக்குப் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். பக்தார்ன் என்ற அந்நியப் புதர் குளக்கரையில் பரவியிருந்தது. பிடுங்கும் நாளுக்கு முந்தின நாள் நான் போய், பிடுங்க வேண்டிய செடிக்கெல்லாம் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல். மெரிடித் நின்று நடத்தினாள். நான் எழுந்து போய்ப் பார்த்தபோது ரிப்பன் கட்டிய செடிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. மற்றதையெல்லாம் வேரோடு பிடுங்கிக் குவித்திருந்தார்கள். அத்தனையும் வின்டர்பெர்ரி. குளிர்காலத்தில் பறவைகளுக்கு வேறு எதுவும் கிடைக்காதபோது அந்தச் சிவப்புப் பழம்தான் சோறு.

"அவ்வளவு அழகா ரிப்பன் கட்டியிருந்தீங்க வெர்னா. காப்பாத்த வேண்டிய செடிக்குத்தான் இப்படிக் கட்டியிருக்கீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றாள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது அவளுக்கு.

குழுத் தலைவர் வெண்டல் பிராக்டனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவரிடம் போனேன். "விடு வெர்னா. ரெண்டும் பச்சையாத்தானே இருக்கு, பாஸ்டன்காரிக்கு என்ன தெரியும்" என்று சிரித்தார். அதோடு முடிந்தது.

இலையுதிர் காலத்தில் ஆண்டுக் கூட்டம். வழக்கம்போல உழவர் சங்கத்தின் கிரேஞ்ச் மண்டபத்தில் பீன்ஸ் விருந்து, பழுப்பு ரொட்டி. சாப்பிட்டு முடித்ததும் வெண்டல் எழுந்து என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு புது பிளாஸ்க். அதில் அறக்கட்டளையின் பெயர் பொறித்திருந்தது.

"வெர்னா, நீ ஓடினது போதும். இனிமே ஒரு இடத்துல உக்காந்து காப்பி குடி. காட்டை மெரிடித் பாத்துக்குவா."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் வெண்டலிடம் காரணம் கேட்டேன்.

"மனசுல வெச்சுக்காத. உன்மேல புகார் வருது. கைக்குழந்தையோட வந்த ஒரு பொண்ணுகிட்ட, நீ மிதிச்ச ஆர்கிட் மறுபடி பூக்கறப்ப உன் பிள்ளைக்குக் கல்யாண வயசு ஆகியிருக்கும்னு சொன்னியாமே."

சொன்னேன். அது உண்மைதானே.

வாசல் பலகையில் பெயர் மாறியது. அது பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என்னால் இருக்க முடியவில்லை. கூட்டத்தை அழைத்துப் போகிறவர் ஒரு நாள் முன்னதாகத் தனியாகப் போய் அந்த வழி முழுவதையும் நடந்து பார்த்துவிட வேண்டும். அது நான் வைத்த விதி. ராத்திரியில் ஒரு மரம் விழுந்திருக்கலாம், ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கலாம். மெரிடித் அதை ஒருமுறைகூடச் செய்யவில்லை. பிப்ரவரியில் பள்ளி விடுமுறை வாரத்தில், குடும்பங்களுக்கான பனி நடை என்று அவள் அறிவித்ததும் மளிகைக் கடையில் வைத்து அவளிடம் கேட்டேன்.

"எதுக்கு வெர்னா ரெண்டு தடவை நடக்கணும்? அதான் நீங்களே நீலக் குறி போட்டு வெச்சிருக்கீங்களே. அது காட்டற பக்கம் போனாப் போச்சு" என்றாள்.

கல்லாவில் இருந்தவன் சிரித்தான். "மேப்பு வேணாம், மூளையும் வேணாம், பெயிண்ட் போதும்" என்றான். அவள் அவனோடு சேர்ந்து சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதனால் ஒரு பாடம் நடத்தலாம் என்று முடிவு செய்தேன்.

காட்டின் நடுவில் ஒரு பெரிய ஹெம்லாக் மரம் இருக்கிறது. அங்கே பாதை இடது பக்கம் திரும்பி மேட்டில் ஏறும். குளத்தைத் தொடவே தொடாது. நான் அந்தத் திருப்பக் குறியையும் மேட்டுக் குறிகளையும் பழுப்புப் பெயிண்டால் மூடினேன். மரப்பட்டையின் நிறத்துக்கு நான் கலக்கிய பழுப்பு சரியாகவே இருந்தது. பிறகு வலது பக்கம் திரும்பும்படி ஹெம்லாக்கில் இரண்டு நீலக் குறி. அங்கிருந்து கீழே குளத்தின் மூலை வரை குறிகள். கரையோரத்தில் கடைசிக் குறி. அதற்கடுத்தது எதிர்க்கரையில் ஒரு பிர்ச் மரத்தில். அந்த மரத்துக்கு நான் சுற்றிக்கொண்டுதான் போனேன். இந்தக் கரையில் நின்று பார்த்தால் அது நன்றாகத் தெரியும். நடுவில் வெள்ளைப் புல்வெளி மாதிரி பனி.

அந்த மூலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உறைந்த குளத்தின் நடுவில் வெண்டலின் மீன்பிடிக் குடிசை நிற்கிறது, பக்கத்தில் அவருடைய டிரக்கே நிற்கிறது. அங்கே பனிக்கட்டி அவ்வளவு கனம். மூலையில் ஓடை உள்ளே வருகிறது, தண்ணீரில் அணை கட்டி வாழ்கிற பீவர்கள் போக வர நீந்துகின்றன. அங்கே கட்டி கெட்டிப்படுவதே இல்லை. மேலே விழுந்த பனி போர்வை மாதிரி மூடியிருப்பதால் பார்த்தால் தெரியாது. காட்டைப் படித்தவருக்குத் தெரியும். பீவர் வீடு தெரிகிறது, தண்ணீரில் நின்று செத்த மரங்கள் தெரிகின்றன, வேறென்ன வேண்டும். கரையில் நின்று கடப்பாறையால் குத்திப் பார்த்தேன். ஒரே குத்தில் உள்ளே போனது. அடி தட்டவில்லை.

கால் நனையும், பயந்து ஓடுவார்கள், குளிர்கால நடையைக் குழு நிறுத்திவிடும் என்றுதான் நினைத்தேன். நீங்கள் நேற்று ஒன்று கேட்டீர்கள். "லெவிட் அம்மா, மெரிடித் முன்னாடி நாள் வரவே மாட்டாள்னு நீங்கதான் சொல்றீங்க. அப்படின்னா அந்தக் கட்டி மேல முதல்ல யார் காலு படும்னு யோசிச்சீங்களா?" யோசித்தேன். குழந்தைகள்தான் எப்போதும் முன்னால் ஓடும். அது எனக்குத் தெரியும். பெற்றவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள் என்று எதிர்பார்ப்பது தவறில்லையே.

நடைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மதியம், வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். ஹெம்லாக்கில் பழைய நீலம் ஒரு ஓரத்தில் எட்டிப் பார்த்தது. பழுப்பை எடுத்து அதைத் தொட்டு முடித்தபோது பின்னால் பனி நொறுங்கும் சத்தம். பனியில் நடக்கிற அகலக் காலணியைப் போட்டுக்கொண்டு மெரிடித் வந்துகொண்டிருந்தாள். தனியாக.

"பாத்தீங்களா, மாட்டிக்கிட்டேன்" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "நீங்க சொன்ன மாதிரியே முன்னாடி நாள் வந்துட்டேன். கடைல அப்படிச் சிரிச்சது எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. குழந்தைங்க வேற வராங்க."

நான் டப்பா மூடியை அழுத்தி மூடினேன்.

"நாளைக்கு நீங்களும் வாங்களேன் வெர்னா. மரத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நான் வின்டர்பெர்ரியப் புடுங்கினவ. நீங்க பேசுங்க, நான் பின்னாடி டோனட் தூக்கிட்டு வரேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். எப்படிச் சொல்வது? பெயிண்ட் அடித்தாகிவிட்டது, கையில் பிரஷ் இருக்கிறது. என்னவென்று விளக்குவது? அவளிடம் போய், அதுவும் அவளிடம்.

அவள் ஹெம்லாக்கைப் பார்த்தாள். மேட்டைப் பார்த்தாள். "இங்க வலது பக்கமா? போன தடவை மேல ஏறின ஞாபகம்."

"குறி எந்தப் பக்கம் காட்டுது?" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னதையே அவளிடம் கேட்டேன்.

"வலது பக்கம்தான். பாதையை மாத்திட்டீங்களா? குளத்தோரமா போகுதா, நல்லா இருக்கும்" என்று இறங்கினாள். கரையில் நின்று எதிர்ப்பக்கத்துக் குறியைத் தேடினாள். கண்டுபிடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். "வெண்டல் டிரக்கே நிக்குது, என்னைத் தாங்காதா" என்று கத்தினாள். பிறகு போனாள்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை.

அதன் பிறகு நான் செய்ததில் ஒரு ஒழுங்கு இருந்தது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி இல்லாதவர் பனிக்கட்டி மேல் போய் ஒருவரைக் காப்பாற்றக் கூடாது. அது நம் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததுதான். அதனால் போகவில்லை. தவறான குறிகள் அப்படியே இருந்தால் அடுத்து வருகிறவருக்கு ஆபத்து. பழுப்புப் பெயிண்ட் கையில் இருந்தது. கரையிலிருந்து ஆரம்பித்து ஹெம்லாக் வரை ஒவ்வொன்றாக மூடினேன். அவள் முழங்கையைக் கட்டியின் விளிம்பில் ஊன்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று நீங்கள் சொன்னது சரிதான். என் பெயரைத்தான் கூப்பிட்டாள். ஹெம்லாக்குக்கு வந்தபோது கூப்பிடவில்லை.

போன் பையில்தான் இருந்தது. கை முழுக்கப் பெயிண்ட்.

எதிர்க்கரை பிர்ச்சில் இருந்த ஒரு குறியை மட்டும் மூட முடியவில்லை. சுற்றிப் போனால் நேரமாகிவிடும் என்று வெண்டல் வீட்டுக்குப் போனேன். அவர் கோட்டுகூடப் போடாமல் ஓடினார். "எவ்வளவு நேரமாச்சு வெர்னா, எவ்வளவு நேரமாச்சு" என்று வழியெல்லாம் கேட்டார். பெயிண்ட் காய்கிற நேரம் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

காட்டை இப்போது பூட்டியிருக்கிறார்கள். நல்லதுதான். நான் எதையும் மறுக்கவில்லை. குறியை மாற்றியது நான், வழி கேட்டவளுக்கு வழி சொல்லாதது நான், அவள் தண்ணீரில் இருந்தபோது பெயிண்ட் அடித்தது நான். இதில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் என் விதிப்படி முந்தின நாளே வந்ததால்தான், சனிக்கிழமை காலையில் அந்தக் குழந்தைகள் குளத்துக்குப் போகவில்லை. அத்தனை குடும்பம் இந்த ஊரில் இருக்கிறது. இதுவரை ஒருவர்கூட என்னிடம் வந்து நன்றி சொல்லவில்லை.