ஏணியடிச் செருப்பு

ஓம வாசனை சட்டையில் ஏறினால் மூன்று துவைப்புக்கும் போகாது, சார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், வயிறு சரியில்லையா என்று கேட்பார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள்.

சிக்கல் ஊருக்கு வெளியே உள்ள எண்ணெய் ஆலையில் நான் சூப்பர்வைசர். ஓமம், கொத்தமல்லி விதைகளை ஆவியில் வேகவைத்து எண்ணெய் எடுக்கிறோம். நான் அனுப்பிய சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. போன மாதம் ஒரு நாள் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். ஓமம் அடிப்பிடித்துக் கருகிப்போனது. வெளியே சொல்ல வெட்கம். கிடைத்த எண்ணெயில், பெயிண்ட்டில் ஊற்றுகிற டர்பன்டைனைக் கலந்து பீப்பாயை நிரப்பினேன்.

எனக்குக் கீழே வேலை பார்த்த யோகேஸ்வரன் மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். நான் பழக்கிய மூக்கு.

“அண்ணே, இது பச்சப்புள்ளைகளுக்கு ஓமத்தண்ணி செய்யப் போற எண்ணெய். நீங்களே மொதலாளிகிட்ட சொல்லிருங்க. இல்லேன்னா சாயந்தரம் நான் சொல்லிருவேன்.”

கோபமில்லாமல்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு சரக்கு முடிந்ததும் ஒருவர் விதை வேகிற ஆளுயரக் கொப்பரைக்குள் இறங்கி, ஒட்டிய சக்கையைச் சுரண்டுவார். அவர் ஏறி வந்தபிறகு, பழைய வாசனை போக, வெறும் கொப்பரையை மூடி ஆவி விடுவோம். இறங்குகிறவர் செருப்பை ஏணியடியில் கழற்றிப் போடுவது எங்கள் வழக்கம். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே. பாய்லர் பார்க்கும் முனியசாமி அதைத்தான் பார்ப்பார். அந்த இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது.

அன்று மத்தியானம் ஏணியடியில் நல்ல வெயில். யோகேஸ்வரன் செருப்பு சுடுமே என்று எடுத்து ஓம மூட்டைக்குப் பின்னால் நிழலில் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். முனியசாமி ஆவியைத் திறந்தார். யோகேஸ்வரன் உள்ளேயே இறந்துபோனான்.

“செருப்பு இல்ல சார், மூடியும் போட்டுக் கெடந்துச்சு, எம்புள்ளைக மேல சத்தியம்” என்று முனியசாமி அழுதார். பயத்தில் உளறுகிறார் என்றார்கள். அவரை உங்கள் ஜீப்பில் ஏற்றும்போது நான்தான் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், செருப்பை யோகேஸ்வரன் மனைவி சண்முகவள்ளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் பொருள் அவளிடம் இருக்கட்டும் என்றுதான். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏணிக்கடியில இல்லேன்னாகளே. இது எங்கனண்ணே கெடந்துச்சு?”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, சார். நான் பாவி. முனியசாமியை விட்டுவிடுங்கள்.

மூடியைப் பற்றிக் கேட்பீர்கள். அது தானாக விழாது. இறக்கி நாலு போல்ட் முறுக்க வேண்டும். நான் இறக்கியபோது அவன் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே, “அண்ணே, வெளிச்சத்த மறைக்காதீக” என்றான்.

‘நான் செய்தது அவ்வளவுதான்’ என்று மேலே எழுதியிருப்பீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.