அழுங்கு வாங்கின அடி

ஸ்தோத்திரப் பண்டிகைக்கு, ஆண்டவருக்கு நன்றி சொல்ல வந்திருக்கோம். நன்றின்னா என்னன்னு பிரசங்க பீடத்துல நின்னு நான் விளக்கம் சொல்லப் போறதில்ல... அதுக்குப் பதிலா ஒரு குட்டிக் கதை இருக்கு, கேளுங்க. பெரியவங்க கோவிச்சுக்கக் கூடாது, இது செல்போன் விளையாட்டுல நடந்த கதை. பின்வரிசை வாலிபர்கள் இப்பத்தான் நிமிந்து உக்காருறாங்க, பாருங்க!

என் வீட்டம்மாவுக்கு ஒரு தம்பி, பேரு செல்வின். தூத்துக்குடி துறைமுகத்துல வேலை. வயசு முப்பத்திரண்டு, கல்யாணமும் ஆயிடுச்சு. ஆனா சாயங்காலமானா போனும் கையுமா உக்காந்திருவான். என்ன விளையாட்டு? ஆளுக்கு நாலு விநோத மிருகத்த வளத்து மோத விடணும். எதிராளியோட நாலும் விழுந்துட்டா நமக்கு ஜெயம். இதுக்குப் போட்டி, கோப்பை எல்லாம் இருக்கு. மதுரையில வருஷா வருஷம் நடக்கும். நம்ம ஆளு அஞ்சு வருஷம் போனான்... அஞ்சு வருஷமும் அரையிறுதியில தோத்துட்டு வந்தான்.

அவன்கிட்ட ஒரு நெருப்புக் கழுகு. அடிச்சா இடி விழுந்த மாதிரி இருக்கும். இன்னொண்ணு, முதுகு பூரா செதிலு, எறும்புதின்னின்னு சொல்லுவாங்களே, நம்ம அழுங்கு, அது மாதிரி. அதுக்கு அடிக்கத் தெரியாது. அடிச்சாலும் எதிராளிக்கு எறும்பு கடிச்ச மாதிரிதான். அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு... கூட நிக்கிற மிருகத்துக்கு அடி வந்தா, குறுக்க வந்து தான் வாங்கிக்கும். அவ்வளவுதான். ஒவ்வொரு சுத்துலயும் 'அடி'ன்னு சொல்றதா, 'குறுக்க நில்லு'ன்னு சொல்றதா, அத நாமதான் சொல்லணும்.

போன வருஷம் தோத்துட்டு எங்க வீட்டுக்கு வந்தான். மூஞ்சி தொங்கிப் போச்சு. "அத்தான், இந்த அழுங்கத் தூக்கி எறியப் போறேன். ஒரு அடி ஒழுங்கா அடிக்கத் தெரியல. நாலுல இது ஒண்ணு வெறும் சுமை"ங்கறான். நான் என்னத்தக் கண்டேன்? "எறிஞ்சிருடே"ன்னேன். தெரியாத விஷயத்துல ஆலோசனை சொல்றதுக்கு நம்மள மிஞ்ச ஆளு உண்டா?

அவன் மனைவி ஜெபக்கனி பக்கத்துல இருந்தா. விளையாட்டப் பத்தி அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா போன வாங்கிப் பாத்தா. ஆட்டம் முடிஞ்சதும் ஒரு பட்டியல் வருமாம், எந்த மிருகம் எவ்வளவு அடிச்சுதுன்னு. கழுகு முதல்ல. அழுங்குக்கு நேர... ஏறக்குறைய முட்டை! அவ விரலால அந்தப் பட்டியலக் கீழ தள்ளினா.

"ஏங்க... கீழ இன்னொண்ணு இருக்கே. 'வாங்கின அடி'ன்னு போட்டிருக்கு. அதுல உங்க அழுங்குதான் முதல்ல நிக்கி."

"என்னது? எங்க?"

"கழுகு வாங்கினது ஒரே ஒரு அடிதான். அதுலயே விழுந்துட்டு."

அஞ்சு வருஷமா அவன் கீழ தள்ளிப் பாக்கவே இல்ல, அன்பானவங்களே! எதுக்குப் பாக்கணும்? மேலயே கழுகு பேரு ஜொலிக்குதே!

சரி, அந்த ஒரு அடி எப்ப விழுந்துச்சு? ஆட்டத்தத் திரும்பப் போட்டுப் பாத்தாங்க. எதிராளி மிருகம் சாகக் கிடக்கு. நம்ம ஆளுக்கு அவசரம். அழுங்கையும் 'நீயும் போய் அடி'ன்னு அனுப்பிட்டான். குறுக்க நிக்க யாருமில்ல... கழுகு காலி. முந்தின வருஷம்? அதேதான். அதுக்கு முந்தி? அதேதான்!

இந்த வருஷம் இறுதிப் போட்டிக்கே வந்துட்டான். எதிராளிகிட்ட மிச்சம் ஒரு காட்டெருமை, அதுவும் குத்துயிரா நிக்குது. இவன்கிட்ட கழுகும் அழுங்கும். கழுகு இன்னொரு அடி தாங்காது. கூட்டம் பூரா கத்துது, "ரெண்டையும் விட்டு அடிங்கண்ணே! அடிங்க!" செல்வின் அழுங்குகிட்ட என்ன சொன்னான்?... 'குறுக்க நில்லு'ன்னான். காட்டெருமை கழுகப் பாத்துப் பாய்ஞ்சுது. அழுங்கு குறுக்க வந்துச்சு. மொத்த அடியும் அதும்மேல... அழுங்கு சரிஞ்சிடுச்சு. அடுத்த நொடி கழுகு அடிச்சுது. ஜெயம்!

பெரிய திரையில வெற்றிப் படம் போட்டாங்க. யாரு நிக்கா? கழுகு மட்டும். விழுந்ததுக்கு அந்தப் படத்துல இடம் கிடையாதாம். செல்வின் என்ன செஞ்சான் தெரியுமா? போன்ல அழுங்கு படத்த எடுத்து, கோப்பைக்குப் பக்கத்துல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கண்ணெல்லாம் ஈரம். ஒரு பொம்மைக்கு நன்றி சொல்லி அழுதிருக்கான்!

பொம்மைக்கே அப்படின்னா... நமக்காக அடி வாங்கினது மனுஷங்களாச்சே? உங்களுக்கு வர வேண்டிய அடிய யாரு வாங்கினா? வீட்ல யாரு? வேலையில யாரு? 'அவரால என்ன பிரயோசனம்'னு நாம சொல்ற ஆளாக்கூட இருக்கலாம்.

உங்கள மட்டும் கேக்கல. என்னையும் கேட்டுக்கிட்டேன். போன வருஷம் கல்லறைத் தோட்டத்துச் சுவர இடிச்சுக் கட்டுற முடிவால ஊரே ரெண்டுபட்டுச்சு... சில பேரு தலையக் குனியறீங்க, பரவாயில்ல. அந்தச் சண்டை ஓடின ஆறு மாசமும் என் வாசலுக்கு ஒருத்தர் சண்டைக்கு வரல. நான் என்ன நினைச்சேன்? 'ஆகா, என் பிரசங்கம் வேலை செய்யுது'ன்னு நினைச்சேன்! போன வாரம்தான் தெரிஞ்சுது. என்னத் திட்ட வந்த ஒவ்வொருத்தரையும் நம்ம சபைச் செயலாளர் அருமைநாயகம் அண்ணாச்சி தெருமுனையிலயே நிறுத்தியிருக்காரு. "அது என் முடிவு. திட்டணும்னா என்னத் திட்டுங்க"ன்னு அத்தனையும் வாங்கிக்கிட்டாரு. ஒருத்தர் அவரு சட்டையவே பிடிச்சிருக்காரு. முடிவு எடுத்தது யாரு?... நானு. என்கிட்ட அவரு ஒரு வார்த்தை சொல்லல.

அண்ணாச்சி இப்பவும் கோயிலுக்குள்ள இல்ல. வெளிய, அசன விருந்துக்குச் சோறு வடிக்கிற இடத்துல நிக்காரு. அங்கயும் ஸ்பீக்கர் கட்டியிருக்கு. அண்ணாச்சி... கேக்குதா? இந்த ஒரு வருஷமா உங்களுக்கு நான் நன்றியே சொல்லல. இப்ப சபை முன்னால சொல்றேன். ரொம்ப நன்றி அண்ணாச்சி. கரண்டியக் கீழ வைங்க. இன்னிக்கு முதல் பந்தியில நீங்க உக்காரணும்... உங்க இலைக்கு நான் பரிமாறுறேன்.