நோட்டில் இல்லாத முப்பது நிமிடம்

ஹலோ... அண்ணி, நான்தான், லேப்ல அண்ணனுக்குப் பக்கத்து மேஜை... ஆமா, ஆமா. தொந்தரவு பண்றேனா?... ஒரு சிக்கல் அண்ணி. அவர் செஞ்ச ஆரஞ்சு சாயம்... அதேதான், சட்டையெல்லாம் கறை பண்ணுமே...

வெளுத்துப்போகுது. அவர் போன இந்த மூணு மாசமா, நோட்டுல எழுதினது அச்சுப் பிசகாம செய்றேன். விளக்கைப் போட்ட கால் மணி நேரத்துல நிறமே இல்லாம வெறும் தண்ணி மாதிரி ஆயிடுது. அவர் கையில மூணு நாள் உழைச்ச சாயம்...

அது என்ன பண்ணுமா? உங்ககிட்ட சொன்னதே இல்லையா?... கேளுங்க. சாயம் வெளிச்சத்தைக் குடிக்கும். அந்தத் தெம்புல ஒரு எலக்ட்ரானை வாங்கி, பக்கத்துல இருக்கற வினையூக்கிக்குக் கைமாத்திவிடும். அது கரியமில வாயுவை எரிபொருளுக்கு உதவுற மாதிரி மாத்தும். விலை ஒசந்த உலோகம் எதுவும் வேண்டாம், சாயமே போதும். ஆனா கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சமிருந்தாலும் நடுவுல புகுந்து சாயத்தையே தின்னுடும். அதை விரட்டத்தான் முதல்ல கரியமில வாயுவைக் குமிழ் குமிழா விடுவோம். பத்து நிமிஷம்னு எழுதியிருக்கார்...

டைரக்டர் என்ன சொன்னாரா? வேண்டாம் அண்ணி... சரி. "செத்தவன் சாயம் வெளுத்துப்போச்சு"ன்னார். எல்லார் முன்னாடியும். பொய்க் கணக்குன்னு நாளைக்கு அண்ணனோட கட்டுரையை வாபஸ் வாங்கறாங்க... அழாதீங்க...

என்னது? திரும்பச் சொல்லுங்க... "வாயுவைத் திறந்துட்டேன், பத்து நிமிஷம் சும்மாதான்"னு தினமும் கூப்பிடுவாரா?... எவ்வளவு நேரம் பேசுவீங்க?... நாப்பதா! எந்த நாள் எத்தனை நிமிஷம்னு போன்ல பதிவு இருக்கா?... அழிக்க மனசு வரலையா... அழிக்காதீங்க.

பதினாலாம் தேதி பாருங்க. அன்னிக்கு ஒருநாள்தான் வெளுத்ததுன்னு எழுதியிருக்கார்... நாலே நிமிஷமா?... ஓ. கோவிச்சுக்கிட்டு வெச்சுட்டீங்களா... இல்ல அண்ணி, இல்ல. அவர் காரணம் தெரியாம பக்கத்துல கேள்விக்குறி போட்டிருக்கார், அவ்வளவுதான். மத்த நாள்ல நீங்க பேசி முடிக்கற வரைக்கும் வாயு ஓடியிருக்கு; அன்னிக்குப் பேச்சு சீக்கிரம் முடிஞ்சதால சரியா பத்து நிமிஷத்துல மூடியிருக்கார். நீங்க வெச்சதாலதான் இப்போ விஷயமே பிடிபடுது.

வைக்காதீங்க. குடுவை தயாரா இருக்கு... திறந்துட்டேன். நாப்பது நிமிஷம். பேசுங்க அண்ணி... அவர்கிட்ட என்ன பேசுவீங்களோ அதையே... தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சா... ம்... பால் பொங்கினதைக் கூடவா?... ம்... ம்...

ஆச்சு. மூடிட்டேன். விளக்கு போட்டாச்சு...

கால் மணி... ம், இருக்கேன்...

அரை மணி. அண்ணி... ஆரஞ்சுதான். அப்படியே இருக்கு... ஆமா... ஆமா... அழுங்க, பரவாயில்ல...

டைரக்டர்கிட்ட இப்பவே கொண்டுபோறேன். அவர் நோட்டுலயே திருத்தி எழுதிட்டேன், படிக்கிறேன்: "வாயுவைப் பத்து நிமிடம் அல்ல, நாற்பது நிமிடம் விடவும்."