ரீஸ்லிங்குக்குக் காற்று ஆகாது

வெள்ளை ஒயினில் ஐஸ்கட்டி போடுகிறவர்களை நான் வெறுப்பதில்லை. பரிதாபப்படுவேன், அவ்வளவுதான். என் தம்பி ஃபோல்க்மார் மூன்று கட்டி போடுவான்.

மோசல் ஆற்றங்கரையில், ஆடு ஏறத் தயங்கும் சரிவில், ஒன்பது தலைமுறையாக நாங்கள் ரீஸ்லிங் திராட்சை பயிரிட்டு ஒயின் செய்கிறோம். நிலவறையை முப்பத்தோரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இருந்தும் அப்பா உயிலில் எல்லாவற்றையும் தம்பி பேருக்கே எழுதிவிட்டார். ஆள் பார்த்துக் கொடுக்கவில்லை ஐயா, ஆண் பார்த்துக் கொடுத்தார்.

போன செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, ஃபோல்க்மார் சாப்பாட்டு மேசையில் ஒரு தகர டப்பாவை வைத்தான். வியாழக்கிழமைதோறும் அவனுக்கு என் சமையல்தான்.

"குடிச்சுப் பாருக்கா. நம்ம ரீஸ்லிங்தான். கொஞ்சம் பீச் பழ வாசனை சேத்திருக்கு. சூப்பர்மார்க்கெட்காரங்க மொத்த அறுவடையையும் இப்படியே கேக்குறாங்க."

"பாட்டன் பூட்டன் பேரை டப்பாவுல போடப் போறியா?"

"அவங்க பேரெல்லாம் யாருக்கு வேணும்? 'பீச்சி'ன்னு வெச்சாச்சு. நல்லாருக்குல்ல?"

நன்றாக இல்லை என்று மட்டும் சொன்னேன். நான் கோபக்காரி அல்ல. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அக்டோபரில் சாறு புளிக்கும்போது பீப்பாய்களிலிருந்து கரியமில வாயு கிளம்பித் தரையோடு தேங்கும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதனால்தான் நிலவறையில் ஒரு காற்றாடியும், வாயு கூடினால் அலறும் கருவியும் உண்டு. நான் பழைய வழக்கப்படி மெழுகுவர்த்தி ஏந்தி இறங்குவேன். சுடர் அணைந்தால் திரும்பிவிடுவேன்.

"என்னக்கா, சர்ச்சுக்கா கிளம்பிட்ட?" என்று கேலி செய்வான்.

அந்த அக்டோபரில் ஒரு புதன்கிழமை சமையலறை வானொலிக்கு பேட்டரி தேவைப்பட்டது. அந்தக் கருவியிலிருந்து எடுத்துக்கொண்டேன். திருப்பி வைக்க மறந்தது என் தவறுதான். ஆனால் காற்றாடியை நிறுத்தியதில் தவறில்லை. ரீஸ்லிங்குக்குக் காற்று ஆகாது.

வியாழன் காலை பதினொரு மணிக்கு, சூப்பர்மார்க்கெட்காரர்களுக்கு ருசி காட்ட ஒரு குடுவை எடுத்துப்போக வந்தான்.

"கீழ போலாமாக்கா?"

"தாராளமாப் போ. நான் இப்பத்தான் இறங்கிட்டு வந்தேன்."

நான் பொய் சொல்லவில்லை. பாதிப் படி இறங்கியிருந்தேன், சுடர் அணைந்த இடம்வரை.

அவன் உள்ளே போனதும் கதவைச் சாத்தினேன். நிலவறைக் குளிர் வெளியே போய்விடக் கூடாது. தாழ்ப்பாளைக் கைப்பழக்கத்தில் போட்டிருப்பேன். தட்டும் சத்தம் கேட்டது உண்மைதான். ஆனால் புளிக்கும் பீப்பாய்கள் என்னென்னவோ சத்தம் போடும். நான் உருளைக்கிழங்கு தோல் சீவப் போய்விட்டேன். எத்தனை கிழங்கு என்று கேட்டீர்கள். இரண்டு. எனக்கு மட்டும் அது போதும். இதைப் போய் ஏன் அடிக்கோடிட்டுக் கொள்கிறீர்கள் என்று தெரியவில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் செய்தேன்.

இந்த வருட ஒயின் அருமையாக வந்திருக்கிறதாம். அதில் ஒரு பீப்பாய்க்கு ஃபோல்க்மார் என்று பெயர் வைக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பிமேல் பாசமில்லாத அக்கா இதையெல்லாம் செய்வாளா, நீங்களே சொல்லுங்கள்.